ஸ்பீட் டெஸ்டில் 200 எம்பிபிஎஸ் வருகிறது, வெளிநாட்டு சர்வரிலிருந்து இறக்கினால் மட்டும் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?

உங்கள் கேள்வி இதுதான்: 200 எம்பிபிஎஸ் பிளான், யூடியூப் தங்குதடையில்லாமல் ஓடுகிறது, ஐரோப்பாவில் இருக்கும் சர்வரிலிருந்து ஃபைல் இறக்கும்போது மட்டும் விநாடிக்குச் சில நூறு கேபிதான் வருகிறது. இதே பாட்டை நான் சென்னையில் மூன்று மாதம் பட்டேன். ஜெர்மனியில் ஒரு சர்வரிலிருந்து தினமும் 18 ஜிபி பேக்கப் எடுக்க வேண்டிய வேலை. விநாடிக்கு 400 கேபி என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நெட்காரர்கள் மூன்று முறை வந்தார்கள். மூன்று முறையும் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டிக் காட்டி, "லைன் நல்லாத்தான் சார் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. ஸ்பீட் டெஸ்ட் தானாகத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் உங்கள் ஊரிலேயே இருக்கிற சர்வர். யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் போன்றவையும் தங்கள் சர்வர்களை நெட் நிறுவனங்களின் உள்ளேயே வைத்திருக்கின்றன. ஆக, இவை இரண்டும் காட்டுவது உங்கள் வீட்டிலிருந்து நெட் நிறுவனம் வரைக்குமான பாதையை. கடல் தாண்டிய பாதையைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. அதே ஸ்பீட் டெஸ்டில் சர்வரை மாற்றி முதலில் சிங்கப்பூர், அப்புறம் ஃபிராங்க்ஃபர்ட் என்று ஓட்டிப் பாருங்கள். லேன் கேபிளில் இணைத்துத்தான் பார்க்க வேண்டும். வைஃபையில் பார்த்தால் எந்த முடிவையும் நம்ப முடியாது.

அடுத்தது, எனக்கு வழி திறந்துவிட்ட விஷயம். வேகம் குறைவாக இருக்கிறது என்பதைவிட, அது எப்படிக் குறைவாக இருக்கிறது என்று கவனியுங்கள். என் வேகம் காலை, மதியம், நள்ளிரவு எப்போது பார்த்தாலும் அதே 400 கேபிதான். நெரிசல் என்றால் ஏறி இறங்கும். கோடு போட்டதுபோல நிற்கிறது என்றால் ஏதோ ஓர் எல்லை அதைப் பிடித்து நிறுத்துகிறது என்று அர்த்தம்.

அந்த எல்லை எங்கிருந்து வருகிறது? நெட்டில் ஃபைலை அனுப்பும் டிசிபி என்ற முறையில், அனுப்பும் சர்வர் ஒரு குறிப்பிட்ட அளவை அனுப்பிவிட்டு, "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். அந்த அளவுக்கு விண்டோ என்று பெயர். சென்னையிலிருந்து அந்த ஜெர்மன் சர்வருக்கு எனக்கு பிங், அதாவது ஒரு தகவல் போய்த் திரும்பி வர ஆகும் நேரம், 160 மில்லிசெகண்ட். விண்டோ 64 கேபியாக இருந்தால், ஒவ்வொரு 160 மில்லிசெகண்டுக்கும் 64 கேபிதான் வரும். வகுத்துப் பாருங்கள்: விநாடிக்குச் சரியாக 400 கேபி! காகிதத்தில் இதைப் போட்டுப் பார்த்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 160 மில்லிசெகண்ட் தூரத்தில் 200 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 25 எம்பி, முழுதாக வர வேண்டுமானால் விண்டோ 4 எம்பி அளவுக்கு விரிய வேண்டும். உள்ளூர் சர்வருக்கு பிங் 3, 4 மில்லிசெகண்ட்தான் என்பதால் 64 கேபியே வேகமாகத் தெரியும். அதனால்தான் கோளாறு ஸ்பீட் டெஸ்டில் சிக்கவில்லை.

விண்டோஸ் கணினி இந்த விண்டோவைத் தானாகவே விரித்துக்கொள்ளும். அந்த வசதியின் பெயர் ஆட்டோ டியூனிங். என் பழைய கணினியில் எப்போதோ போட்ட, "நெட்டை வேகமாக்கும்" என்று சொன்ன ஒரு மென்பொருள் அதை அணைத்து வைத்திருந்தது. கமாண்ட் பிராம்ப்ட்டில் "நெட்ஷ் இன்டர்ஃபேஸ் டிசிபி ஷோ குளோபல்" என்ற கட்டளையை (ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்) கொடுத்துப் பாருங்கள். ஆட்டோ டியூனிங் வரியில் "நார்மல்" என்று இருக்க வேண்டும். "டிசேபிள்ட்" என்று இருந்தால் பிடித்துவிட்டீர்கள். நார்மலுக்கு மாற்றியதும் எனக்குப் பகலில் விநாடிக்கு 9 எம்பி வந்தது. பன்னிரண்டு மணி நேர வேலை அரை மணி நேரமாகிவிட்டது.

இந்த அமைப்பைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். ஏரியா2 போன்ற டவுன்லோடரில் ஒரே ஃபைலை எட்டு இணைப்பாகப் பிரித்து இறக்குங்கள். வேகம் ஏறக்குறைய எட்டு மடங்கானால் லைனில் இடம் இருக்கிறது, ஒவ்வொரு இணைப்புக்கும்தான் ஏதோ தடை. ஒரு மாற்றமும் இல்லையென்றால் நெரிசலையோ, அந்த சர்வரே வைத்திருக்கும் வரம்பையோ சந்தேகப்படுங்கள்.

சரி, பகல் பிரச்சினை தீர்ந்தது. இரவு எட்டரை மணிக்கு மேல் 1 எம்பிக்கு விழுந்துவிடும், பதினொன்றரைக்கு மறுபடி எழும். இது வேறு நோய். எம்டிஆர் என்ற கருவி, வழியில் இருக்கும் ஒவ்வொரு ரவுட்டரிலும் எத்தனை பாக்கெட் (தகவல் துண்டு) தொலைகிறது என்று காட்டும். விண்டோஸில் வின்எம்டிஆர். பலர் இங்கேதான் தவறாகப் படிக்கிறார்கள். நடுவில் ஒரு ரவுட்டரில் மட்டும் 40 சதவீதம் இழப்பு என்று காட்டி, அடுத்ததில் பூஜ்யமாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அந்த ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்வதைக் குறைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஓர் இடத்தில் தொடங்கி கடைசி வரி வரைக்கும் இழப்பு தொடர்ந்தால்தான் அது உண்மையான இழப்பு. எனக்கு இரவில் மட்டும், நிறுவனத்தின் வலையை விட்டு வெளியேறும் இடத்தில் தொடங்கி 2 சதவீதம் இருந்தது. பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் ஒவ்வொரு இழப்புக்கும் சர்வர் வேகத்தைக் குறைத்து மெல்ல மெல்ல ஏறும், பிங் அதிகமாக இருக்கும்போது அந்த ஏற்றம் வெகு மெதுவாக நடக்கும்.

சந்தேகமில்லாமல் உறுதி செய்ய, தகவலை வேறு ஊர் சர்வர் வழியாகச் சுற்றிப் போகவைக்கும் விபிஎன் ஒன்றைச் சிங்கப்பூர் வழியாகப் போட்டுப் பார்த்தேன். பிங் 160லிருந்து 230 ஆனது, வேகமோ 6 எம்பிக்கு ஏறியது. சுற்றுப்பாதையில் வேகம் கூடுகிறது என்றால் கோளாறு என் வீட்டிலும் இல்லை, ஜெர்மனியிலும் இல்லை, நேர்ப்பாதையில் இருக்கிறது.

கஸ்டமர் கேரிடம் "நெட் ஸ்லோ" என்று சொல்லாதீர்கள், மறுபடி ஆள் அனுப்பி ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுவார்கள். நான் பகல் எம்டிஆர், இரவு எம்டிஆர், விபிஎன் போட்டபோது எடுத்தது என்று மூன்றையும் நேரம் குறித்து அனுப்பினேன். புகாருக்குத் தரும் டாக்கெட் எண்ணைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். அதை வைத்து, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம். நான் போனேன், பத்து நாளில் பாதையை மாற்றினார்கள். இன்று இரவிலும் 8 எம்பி வருகிறது.

சர்வர் உங்களுடையதாக இருந்தால் லினக்ஸில் பிபிஆர் என்ற, டிசிபி அனுப்பும் வேகத்தைத் தீர்மானிக்கும் முறையை இயக்கிவிடுங்கள். கூகுள் 2016இல் வெளியிட்டது, சில்லறை இழப்புக்கெல்லாம் பயந்து வேகத்தைக் குறைக்காது. கேம்தான் இறக்குகிறீர்கள் என்றால் ஸ்டீமில் டவுன்லோட் ரீஜனைச் சென்னை அல்லது மும்பை என்று மாற்றினாலே போதும்.

ஒன்று மட்டும் நம் கையில் இல்லை. 2025 செப்டம்பரில் ஜெத்தா அருகே செங்கடலில் எஸ்எம்டபிள்யூ4, ஐஎம்இடபிள்யூஇ என்ற கடலடி கேபிள்கள் அறுந்தபோது ஐரோப்பா பக்கம் எனக்கு மிகவும் மந்தமாகிவிட்டது, வங்காள விரிகுடா வழியாகப் போகும் சிங்கப்பூர் மட்டும் வழக்கம்போலவே இருந்தது. திடீரென்று ஒரே நாளில், ஒரே திசையில் வேகம் விழுந்தால் கணினியை நோண்டுவதற்கு முன் செய்தியைப் பாருங்கள். கேபிள் அறுந்திருந்தால் கப்பல் போய்ச் சரிசெய்யும்வரை சிங்கப்பூர் விபிஎன் ஓரளவு கைகொடுக்கலாம்.