புதுப்பித்த இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்: ஏலத்தில் எடுத்தால் லாபமா?

கேள்வி: மதுரை கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்கிறேன். வயது 51. 2009-ல் ஒத்தக்கடை பக்கம் 8 லட்சத்துக்கு வாங்கிய மனையை இரண்டு மாதத்துக்கு முன் 48 லட்சத்துக்கு விற்றேன். கடன் இல்லை. மகள் பிளஸ் டூ, மகன் எட்டாம் வகுப்பு. மும்பையில் நடக்கவிருக்கும் ஓர் ஏலத்தில், முழுக்கப் புதுப்பித்த 1971 மாடல் ஃபியட் 124 ஸ்போர்ட் ஸ்பைடர் வருகிறது. தூதரக அதிகாரி ஒருவர் கொண்டுவந்து இங்கேயே விட்டுப்போன கார். 30 லட்சம் வரை போகலாம் என்கிறார்கள். ஐந்து வருடம் ஆசை தீர ஓட்டிவிட்டு மறுபடி ஏலத்தில் விட்டால் நல்ல லாபம் என்று என் மைத்துனர் அடித்துச் சொல்கிறார். எஃப்.டி.யில் கிடப்பதற்கு இது மேல்தானே? கோர வேண்டிய அதிகபட்ச விலையையும் சொல்லுங்கள் ஐயா.

பதில்: இந்த ஏலத்தில் நீங்கள் கை தூக்க வேண்டாம். கார் மோசம் என்பதால் சொல்லவில்லை. அருமையான கார் அது. 1966-ல் டூரின் கண்காட்சியில் அறிமுகமானது, பினின்ஃபரினா வடிவமைத்த உடல், ஃபெராரியில் எஞ்சின் செய்த அவுரேலியோ லாம்ப்ரெடியின் கைவண்ணத்தில் வந்த, வால்வுகளை இயக்கும் கேம் தண்டு இரண்டு கொண்ட ட்வின்-கேம் எஞ்சின். அதன் மேல் ஒருவருக்கு ஆசை வருவதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் உங்கள் கையில் இருக்கும் பணத்துக்கும் இந்தக் காருக்கும் கணக்கு ஒத்துவரவில்லை.

முதலில் அந்த 48 லட்சம் முழுக்க உங்களுடையது இல்லை. மனை விற்றதில் லாபம் 40 லட்சம். 12.5 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்தால் 5.2 லட்சம். வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டின்படி உயர்த்திக் கழித்து 20 சதவீதம் கட்டும் பழைய வழியையும் போட்டுப் பார்த்தேன், அது ஐந்தரை லட்சத்தைத் தாண்டுகிறது. ஆக, 12.5 சதவீதமே உங்களுக்கு நல்லது. வரி போகக் கையில் நிற்பது 42.8 லட்சம்.

இப்போது கார் கணக்குக்கு வருவோம். சுத்தியல் 30 லட்சத்தில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுக்கப்போவது 30 லட்சம் அல்ல. ஏல நிறுவனம் வாங்குபவரிடம் தனியாக ஒரு கட்டணம் வாங்கும். எத்தனை சதவீதம் என்பது ஏல நிபந்தனைகளில் இருக்கும். 15 சதவீதம் என்று கொள்வோம். அது நாலரை லட்சம், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 81 ஆயிரம். மும்பையிலிருந்து மூடிய லாரியில் கொண்டுவருவது, பதிவு மாற்றம், வந்ததும் செய்யும் முதல் சர்வீஸ் எல்லாவற்றுக்கும் 1.2 லட்சம் வையுங்கள். மொத்தம் 36.5 லட்சம். விற்பவர் வியாபாரியாக இருந்தால் 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே உங்களிடம் வாங்கி அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பார். அதை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை.

அப்புறம் இன்சூரன்ஸ், ஷெட், டயர், ரப்பர் சாமான், மெக்கானிக் கூலி. வருடத்துக்கு ஒரு லட்சம் என்று குறைத்தே போட்டாலும் ஐந்து வருடத்தில் 5 லட்சம். விற்கும்போது ஏல நிறுவனம் உங்களிடமும் கமிஷன் எடுக்கும். அதை 10 சதவீதம் என்று வைத்தால், போட்ட 41.5 லட்சம் அப்படியே திரும்ப வருவதற்கே கார் 46 லட்சத்துக்கு ஏலம் போக வேண்டும். அதாவது ஐந்து வருடம் தொடர்ந்து ஆண்டுக்கு 9 சதவீதம் விலை ஏறினால்தான் உங்களுக்கு நஷ்டமில்லை. லாபம் அதற்கு மேல்தான் தொடங்குகிறது.

எஃப்.டி.யோடு ஒப்பிட்டுக் கேட்டீர்கள், சரி. 36.5 லட்சம் ஆறரை சதவீதத்தில் ஐந்து வருடம் கிடந்தால், வட்டிக்கு வரி கட்டுவதற்கு முன் சுமார் 50 லட்சம். அதற்கு ஈடுகொடுக்க அந்த ஸ்பைடர் 61 லட்சத்துக்கு விற்க வேண்டும். இன்றைய ஏல விலையைப் போல் இரண்டு மடங்கு!

ஏறாதா என்று உங்கள் மைத்துனர் கேட்பார். பழைய இத்தாலிய கார்கள் கோடிகளில் விற்ற செய்திகளை அவர் படித்திருப்பார். 2018-ல் கலிஃபோர்னியாவில் நடந்த ஏலத்தில் 1962 மாடல் ஃபெராரி 250 ஜி.டி.ஓ. ஒன்று 4.84 கோடி டாலருக்குப் போனது உண்மை. அன்றைய மதிப்பில் 330 கோடி ரூபாய்க்கு மேல். ஆனால் அந்த மாடலில் உலகத்துக்கே நாற்பது கார்கூடச் செய்யப்படவில்லை. உங்கள் ஸ்பைடர் 1985 வரை ஏறத்தாழ இரண்டு லட்சம் செய்யப்பட்டது, பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. இந்தியாவில் அபூர்வம்தான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே கார் அபூர்வமாக இருப்பதைப் போலவே அதை வாங்கும் ஆட்களும் அபூர்வம். ஏல நாளில் அப்படி இருவர் வந்து போட்டி போட்டால்தான் விலை. ஒருவர் மட்டும் வந்தால் இதற்குக் கீழே கொடுக்கமாட்டேன் என்று நீங்கள் வைத்த ரிசர்வ் விலையைக்கூடத் தொடாமல் கார் திரும்பி வரும், வண்டி வாடகை உங்கள் தலையில்.

இன்னொன்றையும் கவனியுங்கள். புதுப்பித்த காரின் விலையில் புதுப்பித்தவரின் செலவும் லாபமும் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. சேகரிப்பாளர்கள் அசலுக்குத்தான் உயிரை விடுகிறார்கள். பிரான்ஸில் ஒரு கொட்டகையில் பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் பல வருடம் தூசி படிந்து கிடந்த ஃபெராரி கலிஃபோர்னியா ஸ்பைடர், 2015-ல் பாரிஸ் ஏலத்தில் துடைக்காமல் கொள்ளாமல் 1.63 கோடி யூரோவுக்குப் போனது. பளபளவென்று பெயிண்ட் அடித்ததற்காக யாரும் ஐந்து வருடம் கழித்துக் கூடுதலாகக் கொடுப்பதில்லை. அந்தப் பெயிண்டுக்கும் அப்போது வயதாகிவிடும்.

'ஆசை தீர ஓட்டிவிட்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிய கவலை தந்தது இந்த வரிதான். 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த காரை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். எண்ணில் மாநில எழுத்துகளுக்கு அடுத்து 'வி.ஏ.' வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்து வருடம் செல்லும். அந்தப் பதிவுதான் காருக்கு மதிப்பு சேர்க்கும். ஆனால் அப்படிப் பதிந்த காரைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது, இவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அழகர்கோவில் ரோட்டில் ஒரு சுற்று என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

வரி விஷயம் இதற்கு நேர் எதிர்ப் பக்கம் இழுக்கிறது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் காரை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. நஷ்டம் வந்தாலும் வேறு லாபத்தில் கழிக்க முடியாது. ஆனால் சொந்த உபயோகம் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். 1931 மாடல் ஃபோர்டு டூரர் ஒன்றை 1983-ல் 20,000 ரூபாய்க்கு வாங்கி, பின்னால் 21 லட்சத்துக்கு விற்றவரின் வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போனது. அந்தக் காரைச் சொந்தத்துக்கு ஓட்டினார் என்பதற்கு ஆதாரம் இல்லை, ஆகவே லாபத்துக்கு வரி உண்டு என்று தீர்ப்பு வந்தது. கார் ஓடும் நிலையில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. நிரூபிக்க முடியாவிட்டால், இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்ற லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி என்று, மேலே போட்ட கணக்கிலிருந்து இன்னும் ஒரு துண்டு போகும். ஓட்டினால்தான் வரி விலக்கு, ஓட்டாமல் வைத்தால்தான் விண்டேஜ் பதிவு. முதலீடு, பொழுதுபோக்கு இரண்டும் ஒரே காரில் கிடைக்கும் என்று சொல்பவர்கள் இந்த இடத்தைச் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள்.

காரை நேரில் பார்க்காமல் படத்தை நம்பிக் கோரவே கூடாது. 'இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்' என்பதுதான் ஏல நிபந்தனை, சுத்தியல் விழுந்த பிறகு குறை சொல்ல வழியில்லை. இந்த மாடலுக்குத் துருதான் எமன். கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் சில் பகுதியில் மெல்லிய துணிக்கு மேல் ஒரு சின்னக் காந்தத்தை வைத்து மெதுவாக நகர்த்த வேண்டும். தகடு இருக்கும் இடத்தில் ஒட்டும், பட்டி பூசி மெழுகிய இடத்தில் நழுவி விழும். முன் சக்கரத்துக்கு மேலே சஸ்பென்ஷன் உட்காரும் இடத்தையும் அப்படியே பார்க்க வேண்டும். பானட்டைத் திறந்தால் எஞ்சின் தலையில் பக்கம் பக்கமாக இரண்டு கேம் கவர்கள் தெரிய வேண்டும். இல்லையென்றால் எஞ்சின் மாறியிருக்கிறது, சேசிஸ், உடல், எஞ்சினில் கை வைத்த காருக்கு விண்டேஜ் பதிவு கிடைப்பது கஷ்டம். எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். தூதரக அதிகாரி கொண்டுவந்த கார் என்கிறீர்கள், அப்படியானால் சுங்க வரி கட்டித் தீர்த்த ரசீதைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

மதுரையில் பிரீமியர் 118 என்.இ.யைக் கழற்றி மாட்டிய மூத்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், அதுவும் ஃபியட் 124 குடும்பம்தானே என்று நினைக்கலாம். உடல் அந்தக் குடும்பம்தான், எஞ்சின் நிசான். உங்கள் ட்வின்-கேமுக்கு அதிலிருந்து எதுவும் பொருந்தாது. சாமான் எல்லாம் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும்.

பணத்தை என்ன செய்வது? மனை விற்று இரண்டு மாதம்தான் ஆகிறது. விற்ற தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் 54 இ.சி. எனப்படும் வரிச் சேமிப்புப் பத்திரங்களில் போட்டால் அந்த அளவு லாபத்துக்கு வரி இல்லை. ஆர்.இ.சி., பி.எஃப்.சி., ஐ.ஆர்.எஃப்.சி. போன்ற அரசு நிறுவனங்கள் வெளியிடுகின்றன. ஐந்து வருடம் எடுக்க முடியாது, வட்டி 5.25 சதவீதம்தான், அதற்கும் வரி உண்டு. ஆனால் 25 லட்சம் போட்டால் 3.25 லட்சம் வரி மிச்சம், இது முதல் நாளே கைக்கு வரும் நிச்சயமான லாபம். ஐந்து வருடத்தில் உங்கள் மகன் பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேரும் நேரத்துக்குப் பத்திரமும் முதிரும். மகளின் கல்லூரிக்கு 12 லட்சத்தைத் தனியாக எஃப்.டி.யில் பிரித்துப் போடுங்கள். அது அடுத்த வருடமே தேவைப்படும் பணம், அதைக் கொண்டுபோய்க் காரில் முடக்க உங்களுக்கு மனம் வராது என்றே நம்புகிறேன். மீதி வரியைக் கட்டிவிடுங்கள். அதன் பிறகு ஒன்பது லட்சம்போல் நிற்கும்.

அந்த ஒன்பதில் ஐந்தை உங்கள் ஆசைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பத்தொரு வயது வரை கடைக்கு உழைத்தவருக்கு அந்த உரிமை உண்டு. நல்ல நிலையில் இருக்கும் ஃபியட் 1100 அல்லது அதன் வழிவந்த பிரீமியர் பத்மினி ஒன்றைப் பாருங்கள். அதுவும் டூரினில் பிறந்து மும்பை குர்லாவில் செய்யப்பட்டதுதான். நம் ஊர்ப் பட்டறையில் கை பழகிய ஆள் கிடைப்பார். சாதாரணப் பதிவிலேயே எஃப்.சி. எடுத்துப் புதுப்பித்து ஓட்டலாம், அழகர்கோவிலுக்கும் போகலாம். ஐந்து லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாயும் போக வேண்டாம், விற்கும்போது பாதிதான் வந்தாலும் வீட்டில் எதுவும் நிற்காது. இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட காருக்கு மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்வீர்கள், செலவு பில்களைக் காட்டி அதைச் சரியாகப் போட வையுங்கள்.

நகையை வைத்து ஏலத்துக்குப் போகலாம் என்ற யோசனை வந்தால் அடியோடு விடுங்கள். கோருவதற்கு ஏற்கெனவே பெயர் பதிந்து முன்பணம் கட்டியிருந்தால், ஏலத்துக்கு முன் விலகினால் அது முழுதாகத் திரும்புமா என்று இந்த வாரமே ஏல நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். மனைப் பத்திரத்தை ஆடிட்டரிடம் காட்டி, 54 இ.சி.க்கான கடைசித் தேதியையும் முன்கூட்டியே கட்ட வேண்டிய வரித் தவணையையும் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.