அந்த ஃபிலிமை இப்போதே உரித்துவிடாதீர்கள்

கேள்வி: 2010-இல் வாங்கிய கார் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஹெட்லைட் இரண்டும் மஞ்சளடித்து மங்கிப்போனதால், திருச்சியில் ஒரு கடையில் தேய்த்து பாலிஷ் போட்டு, மேலே ஃபிலிம் ஒட்டித் தந்தார்கள். 6,500 ரூபாயை கூகுள் பேயில் கொடுத்தேன். பில் தரவில்லை. "மூன்று வருட வாரண்டி, இனி மஞ்சளடிக்காது" என்று வாட்ஸ்அப்பில் எழுதினார்கள். லேசாகக் கறுப்புச் சாயம் ஏற்றிய ஃபிலிமை அவர்களே பரிந்துரைத்தார்கள். ஐந்தே மாதத்தில் ஓரங்கள் தூக்கிக்கொண்டன. உள்ளே விளக்கும் மங்கிவிட்டது. கேட்டால், "வாரண்டி ஃபிலிமுக்குத்தான், விளக்குக்கு இல்லை, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவியதால் உரிந்தது" என்கிறார்கள். ஆர்.சி. (வாகனப் பதிவுச் சான்று) புதுப்பிக்கப் போன இடத்தில் மோட்டார் வாகன ஆய்வாளர் வெளிச்சம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஃபிலிமை உரித்துவிட்டு மீண்டும் போகலாமா? பணம் திரும்பக் கிடைக்குமா? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: பணம் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்த ஃபிலிமை இன்றே உரித்துவிட்டால் வாய்ப்பு பாதியாகக் குறைந்துவிடும். உங்கள் வழக்கின் முதல் சாட்சி அதுதான். பகல் வெளிச்சத்தில் இரண்டு விளக்குகளையும் நெருக்கமாகப் படம் எடுங்கள். இரவில் ஒரு சுவரின்மேல் வெளிச்சத்தை அடித்து வீடியோ எடுங்கள். உங்கள் கார் நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்துக்குக் கொண்டுபோய், ஃபிலிம் எந்த நிலையில் இருக்கிறது, உள்ளே ஏன் மங்கியது, இந்த விளக்கு சாலைக்குத் தகுதியானதா என்று எழுத்தில் கருத்துக் கேளுங்கள். பிறகு கடைக்கு நோட்டீஸ் அனுப்பி, ஏழு நாளுக்குள் வந்து பார்க்கலாம், வராவிட்டால் ஃபிலிமை அகற்றிவிடுவேன் என்று எழுதுங்கள். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள். அதன்பின் உரிக்கலாம். உரித்த துண்டுகளை எறியாமல் ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஆர்.சி. முடியும் நாள் நெருங்கிவிட்டது என்றால் ஏழு நாள் காத்திருக்க வேண்டாம். சர்வீஸ் மையத்திலேயே, அவர்கள் முன்னிலையில் அகற்றி, அதையும் அவர்கள் தரும் கடிதத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள். ஆர்.சி. காலாவதியான காரை ஓட்டினால் அது தனிக் குற்றமாகிவிடும்.

இனி, கடைக்காரரின் வாதத்தைப் பார்ப்போம். இன்றைய ஹெட்லைட் மூடி கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். வெயிலின் புற ஊதாக் கதிர் தாக்காமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே அதன்மேல் ஒரு பூச்சு போடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டு அந்தப் பூச்சு போவதால்தான் விளக்கு மஞ்சளடிக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது மிச்சம் இருக்கும் பூச்சும் போய்விடும். அப்படி வெறுமையாக்கிய பிளாஸ்டிக்குக்கு மறுபடி காப்பு கொடுக்கத்தான் ஃபிலிமோ கோட்டிங்கோ போடுவது. விளக்கைக் காப்பது மட்டுமே வேலையாக உள்ள ஒரு பொருளுக்கு வாரண்டி தந்துவிட்டு, விளக்குக்கு வாரண்டி இல்லை என்பது குடைக்கு உத்தரவாதம் தருகிறேன், நனைந்தால் பொறுப்பில்லை என்று சொல்வதைப் போன்றது. கழுவியதால் உரிந்தது என்பதும் நிற்காது. கார் என்றால் கழுவத்தான் செய்வார்கள். கூடாது என்றால் ஒட்டிய அன்றே அவர்கள் எழுத்தில் எச்சரித்திருக்க வேண்டும்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(11) சேவைக் குறைபாட்டை வரையறுக்கிறது. தொடர்புடைய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதில் அடங்கும். சாயம் ஏற்றிய ஃபிலிம் வெளிச்சத்தைக் குறைக்கும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்காது. பில் தராதது பிரிவு 2(47)-இன்படி முறையற்ற வணிக நடைமுறை. பில் இல்லையே என்று நீங்கள் தயங்க வேண்டாம். கூகுள் பே பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் போதும். அவற்றை, பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதிநியத்தின் பிரிவு 63 கேட்கும் சான்றிதழோடு (மின்னணுப் பதிவு எந்தக் கருவியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை உறுதிசெய்வது) தாக்கல் செய்யுங்கள். கைபேசியை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

வாரண்டி நிபந்தனையே அநியாயமான ஒப்பந்தம் என்று மனுவில் எழுதத் தோன்றும். அப்படி எழுத வேண்டாம். அநியாய ஒப்பந்தம் பற்றிய புகார் மாநில நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கடை திருச்சியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் தஞ்சாவூரிலேயே வழக்குப் போடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34 அந்த உரிமையைத் தருகிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் எதுவும் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒருமுறை புகார் பதிந்து பாருங்கள். இந்த அளவு தொகைக்கான தகராறு அங்கேயே தீர்ந்துவிடவும் கூடும். தீராவிட்டால், வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 6,500 ரூபாய், ஃபிலிமை அகற்றிச் சரிசெய்யும் செலவு, மன உளைச்சலுக்கு ஓரளவு இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். லட்சங்களில் கேட்டால் உங்கள் நியாயமே கனம் குறைந்துபோகும்.

அடுத்தது உங்களுக்குக் கசப்பாக இருக்கும். கறுப்பு ஃபிலிமைக் கடைக்காரர் பரிந்துரைத்தார் என்றாலும், ஒப்புக்கொண்டு ஓட்டியது நீங்கள். கறுப்பு ஃபிலிம் என்றதும் 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சொல்வார்கள். அது கார் ஜன்னல் கண்ணாடியைப் பற்றியது. உங்கள் விளக்குக்குப் பொருந்தாது. பொருந்துவது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 105-ஆவது விதி. முன்விளக்கு 155 மீட்டர் தூரத்தில் இருக்கும் மனிதரையும் வாகனத்தையும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்கிறது அது. அந்த வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு ஓட்டுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 177-இன்படி முதல் முறை 500 ரூபாய் வரை அபராதம் உண்டு. சாலைப் பாதுகாப்புத் தரத்தை மீறியதாக 190(2)-ஐப் போட்டால் மூன்று மாதம் வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் இருக்கிறது. ஆய்வாளர் உங்களைத் திருப்பி அனுப்பியது சரிதான். அவரோடு சண்டை போடாதீர்கள். அவர் சொன்னதை எழுத்தில் வாங்க முடிந்தால் அதுவே கடைக்கு எதிராக உங்களுக்கு நல்ல ஆவணம்.

அபராதத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. விபத்துத் தீர்ப்பாய வழக்குகளில் "இருட்டில் சைக்கிளைக் கவனிக்கவில்லை" என்ற வாக்குமூலத்தை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். புதுக்கோட்டைச் சாலையில் இரவு எட்டு மணிக்கு விளக்கில்லாத சைக்கிளில் வயலிலிருந்து திரும்புகிறவருக்கு உங்கள் ஹெட்லைட்தான் ஒரே காவல். விளக்கைச் சரிசெய்யும் வரை இரவில் காரை எடுக்காதீர்கள். ஃபிலிமை அகற்றியபின் இன்னொரு கடையில் மறுபடி பாலிஷ் போடுவதானால், நிறமில்லாத, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஃபிலிமையே கேளுங்கள். "இரண்டு ஹெட்லைட்டுக்கும், மங்கினாலும் உரிந்தாலும் இத்தனை மாத வாரண்டி" என்ற வரியைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.