மந்திரவாதி மட்டும் ஏன் வெல்கிறான்?

நீங்கள் கேட்டது இதுதான்: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் (ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் ஆடும் மேசை விளையாட்டு) மந்திரவாதி இரண்டு சுற்றில் சண்டையை முடித்துவிடுகிறான், போர்வீரன் சும்மா நிற்கிறான், விதியில் பிழையா?

பிழை பெரும்பாலும் விதியில் இல்லை, ஒரு நாளில் எத்தனை சண்டை வைக்கிறீர்கள் என்பதில்தான். 2014 இல் வந்த ஐந்தாம் பதிப்பின் நடத்துநர் கையேடு (கதையை நடத்துபவருக்கான விதிநூல்), ஒரு சாகச நாளில் 6 முதல் 8 வரை நடுத்தர அல்லது கடினமான மோதல்களை எதிர்பார்க்கிறது. ஐந்தாம் நிலை மந்திரவாதியிடம் தீப்பந்து மந்திரத்தை வீச மூன்றாம் மட்ட இடம், அதாவது ஒருமுறை வீசியதும் தீர்ந்துவிடும் வாய்ப்பு, இரண்டுதான். குறுகிய ஓய்வில் இன்னொன்றை மீட்கலாம், அவ்வளவே. நாளுக்கு ஒரே சண்டை என்றால் எல்லாவற்றையும் அதிலேயே கொட்டிவிடுவான். போர்வீரனின் வாள் தீர்வதில்லை. ஒரு மணித்தியால ஓய்வில் ஒரே முறையில் இன்னொரு செயலும் செய்யவிடும் அவனது மேலதிகச் செயலும் திரும்பிவிடும்.

நாங்கள் திருநெல்வேலியில் ஒரு வீட்டு விறாந்தையில் ஞாயிறு பின்னேரம் கூடுவோம். மூன்று மணித்தியாலத்தில் இரண்டு சண்டைக்கு மேல் நடக்காது. அதனால் விளையாட்டின் ஒரு நாளை மூன்று ஞாயிறுக்கு நீட்டினோம். மிஞ்சிய மந்திரங்களைக் கொப்பியில் குறித்துவைப்போம். மூன்றாம் ஞாயிறு, சிறு மந்திரம் மட்டும் மிஞ்சிய மந்திரவாதி போர்வீரனுக்குப் பின்னால் ஒளிந்தபோது, அந்த வாள்காரத் தம்பியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

அப்புறம், கதையில் ஒரு கெடு வையுங்கள். இருட்டுவதற்குள் கைதியை மீட்க வேண்டுமென்றால், தீர்ந்த மந்திர இடங்களை மீட்க எட்டு மணித்தியாலம் படுக்க யாரும் கேட்கமாட்டார்கள்.