ஈவ் ஆன்லைன் ஆரம்பிக்கறேன், முதல் நாளே காசு கட்டணுமா?

கேள்வி: அண்ணா, விண்வெளிக் கதைன்னா எனக்கு சின்ன வயசுல இருந்தே பைத்தியம். இப்ப ஈவ் ஆன்லைன்னு ஒரு விண்வெளி வீடியோ கேம் ஆடலாம்னு இருக்கேன். ஏற்கனவே ஆடிட்டு இருக்கற ஃப்ரெண்டு ஒருத்தன், இலவச அக்கவுன்ட்ட வச்சு ஒண்ணும் கிழிக்க முடியாது, நான் அனுப்பற லிங்க்ல சேர்ந்து முதல் நாளே ஒமேகாங்கற மாசச் சந்தா கட்டிடுங்கறான். இன்னொருத்தர் நல்லா வளர்ந்த அக்கவுன்ட்டே பாதி செலவுல தர்றேங்கறார். எது நல்லது? நீங்க எப்படி ஆரம்பிச்சீங்க?

பதில்: லிங்க்ல சேருங்க தம்பி, ஆனா பர்ஸ வெளிய எடுக்காதீங்க. ரெண்டாவது ஆள் பக்கமே போகாதீங்க. ஏன்னு சொல்லணும்னா நான் வாங்கின அடியையும் சொல்லணும், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

ஈவ் 2003ல வந்த ஆட்டம், ஐஸ்லாந்துல இருக்கற சிசிபிங்கற கம்பெனியோடது. இலவசமா ஆடற ஆல்ஃபா கணக்கு 2016 நவம்பர்லதான் வந்துச்சு, நானும் அதுக்கப்புறம் ஓசியிலதான் உள்ள நுழைஞ்சேன். முதல் ஒரு மணி நேரம் கேரக்டரோட மூஞ்சியச் செதுக்கறதுலயே போச்சு, மூக்கு, புருவம், தாடின்னு பாத்துப் பாத்துப் பண்ணினேன், அதுக்கப்புறம் அந்த மூஞ்சி ஒரு சின்ன படமா ஓரத்துல உக்காந்துடுச்சு, மத்த நேரமெல்லாம் கண்ணு முன்னாடி இருக்கறது கப்பலும், அதுக்குப் பக்கத்துல கணக்குப் பிள்ளை நோட்டு மாதிரி ஒரு நீள லிஸ்ட்டும்தான். ஆரம்பப் பாடத்த முடிச்சதும் வென்ச்சர்னு ஒரு குட்டிச் சுரங்கக் கப்பல் இலவசமா கிடைச்சுது. அத எடுத்துட்டுப் போய் வெல்ட்ஸ்பார்ங்கற பாறை மேல லேசரப் போட்டுட்டு உக்காந்தேன். பாறை தேயுது, கிடங்கு நிரம்புது, வேற ஒண்ணுமே நடக்கல. மூணு மணி நேரம்! சத்தியமா சொல்றேன், அவ்ளோ பிடிச்சிருந்துச்சு.

சிக்கல் எங்க வந்துச்சுன்னா, இதுல திறமையெல்லாம் நிஜக் கடிகாரத்தோட சேர்ந்துதான் ஏறும். ஒரு ஸ்கில்ல வரிசையில போட்டுட்டு நீங்க தூங்கினாலும் அது பாட்டுக்கு ஏறிட்டே இருக்கும், பெரிசு பெரிசா போனா நாள்கணக்குல ஆகும். சந்தா கட்டின ஒமேகாவுக்கு இரட்டை வேகம், ஆல்ஃபாவுக்கு 50 லட்சம் ஸ்கில் பாயின்ட் ஏறினதும் பயிற்சி நின்னுடும். அதாவது இங்க முக்கியமா விக்கறது நேரத்தத்தான். எனக்குப் பொறுமை எங்க இருக்கு? நாலாவது நாளே சந்தாவும் கட்டி, பிளெக்ஸும் வாங்கினேன். பிளெக்ஸ்ங்கறது நிஜக் காசுக்கு வாங்கி, உள்ள இருக்கற சந்தையில மத்த ஆட்டக்காரங்களுக்கு வித்து, ஐஎஸ்கேன்னு அங்க ஓடற பணமா மாத்திக்கலாம். வித்தேன், பெரிய ஆள் ஆயிட்டேன், ஓட்டவே சரியாத் தெரியாத ஒரு சரக்குக் கப்பல வாங்கி, கையில இருந்த எல்லாத்தையும் அதுலயே ஏத்தி, ஆட்டோபைலட்டப் போட்டுட்டு சாப்பிடப் போனேன்.

ஒரு நட்சத்திர மண்டலத்துல இருந்து இன்னொண்ணுக்குத் தாவற வாசலுக்கு (கேட்) கொஞ்சம் முன்னாடியே ஆட்டோபைலட் நிறுத்தி, மீதி தூரத்த ஊர்ந்துட்டுத்தான் போகும், அது எனக்குத் தெரியாது. திரும்பி வந்து பாத்தா கப்பலக் காணோம், நான் மட்டும் கப்பல் போனா மிஞ்சற முட்டை மாதிரி ஒரு கூட்டுக்குள்ள மிதந்துட்டு இருக்கேன். யாரோ ரெண்டு பேர் மலிவுக் கப்பல்ல வந்து அடிச்சிருக்காங்க. பாதுகாப்பான ஏரியாதான், கான்கார்டுன்னு போலீஸ் இருக்கு, வந்து அவங்களையும் அழிச்சுது. ஆனா அது தண்டனை குடுக்கற போலீஸ், காப்பாத்தற போலீஸ் இல்ல. இன்சூரன்ஸ் இருக்கேன்னு பாத்தா அது கப்பலுக்கு மட்டும்தான், சரக்குக்குக் கிடையாது. இது ஆட்டத்தோட விதி, அதனால யார்கிட்டயும் திருப்பிக் கேக்க முடியாது. நிஜக் காசு குடுத்து வாங்கின சரக்கு, ஒரு தட்டு சோறு சாப்பிடற நேரத்துல போச்சு.

மிச்சம் இருந்தத ஜிட்டாவுல தொலைச்சேன். ஜிட்டாதான் இந்த ஆட்டத்தோட பெரிய சந்தை. அங்க சாட்ல ஒருத்தர், பணம் அனுப்பு இரட்டிப்பாக்கித் தர்றேன்னார். 10 லட்சம் ஐஎஸ்கே அனுப்பினேன், 20 லட்சம் வந்துச்சு. அப்புறம் எல்லாத்தையும் அனுப்பினேன், ஆள் மாயம். ஊர் உலகத்துல இந்த மாதிரி மோசடியக் கேட்டா சிரிக்கற ஆள் நான். ஈவ்ல இந்த ஏமாத்து வேலைக்கெல்லாம் விதியில தடை கிடையாது, அதத் தெரிஞ்சுட்டே உள்ள போங்க.

(பெரிய கைங்களே இங்க தடுக்கி விழுந்திருக்காங்க. 2014 ஜனவரி 27ல ஆட்டத்துக்குள்ள ஒரு கூட்டணி பிடிச்சு வச்சிருந்த பி-ஆர்5ஆர்பிங்கற இடத்துக்கான பில் நேரத்துக்குக் கட்டாமப் போனதால கைவிட்டுப் போய், அதுலயே ஒரு போர் மூண்டு, டைட்டன்னு சொல்ற ராட்சசக் கப்பல் மட்டும் 75 அழிஞ்சுது.)

சரி, உங்க விஷயம். ஃப்ரெண்டோட லிங்க்ல சேர்ந்தா உங்களுக்கு 10 லட்சம் ஸ்கில் பாயின்ட் சும்மா கிடைக்கும், அத விட்றாதீங்க. ஆனா நீங்க காசு கட்டினா அவனுக்கும் பரிசு உண்டு. கெட்டவன்னு சொல்லல, அவன் அவசரத்துக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். அக்கவுன்ட் விக்கறவர் கதை வேற. அக்கவுன்ட்ட விக்கறதும் வாங்கறதும் விதிப்படி தப்பு, கண்டுபிடிச்சா மொத்தமா முடக்கிடுவாங்க, பழைய ஓனரே மெயில் வழியா திருப்பி எடுத்துக்கவும் வழி இருக்கு, அப்ப நீங்க யார்கிட்ட போய் அழுவீங்க? வெளி சைட்ல மலிவா ஐஎஸ்கே விக்கறதும் இதே ரகம்தான். வளர்ந்த கேரக்டர்தான் வேணும்னா கம்பெனியே அனுமதிக்கற கேரக்டர் பஜார் இருக்கு, ஆனா புதுசா வர்றவருக்கு அது எதுக்கு, பறக்கத் தெரியாதவனுக்குப் பெரிய இறக்கை மாதிரி.

ஒரு மாசம் ஓசியில ஆடுங்க. காசு கட்டறதுக்குப் பதிலா ஈவ் யுனிவர்சிட்டி மாதிரி புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக் குடுக்கற குழுவுல சேருங்க, 2004ல இருந்து இருக்காங்க, நான் அங்க முதல்லயே போயிருந்தா ஆட்டோபைலட் விஷயத்த முதல் வாரமே சொல்லியிருப்பாங்க. அதுக்கப்புறமும் ஏதோ ஒரு கப்பல் மேல ஆசைப்பட்டு, அதோட ஸ்கில்லுக்கு ஒமேகா வேணும்னு வந்து நின்னா அப்ப ஒரே ஒரு மாசம் கட்டுங்க, கட்டின அன்னைக்கே ஆட்டோ ரின்யூவல நிறுத்திடுங்க, மீதி நாள் எங்கயும் போகாது. சந்தா முடிஞ்சாலும் கத்துக்கிட்டது அழியாது, ஒமேகா ஸ்கில்லெல்லாம் பூட்டி இருக்கும், திரும்பக் கட்டினா திறக்கும்.

கேள்வி: உள்ள சம்பாதிச்சே சந்தா கட்டலாம்னு சொல்றாங்களே, நெசமா?

பதில்: நெசம்தான். சந்தையில ஐஎஸ்கே குடுத்து 500 பிளெக்ஸ் வாங்கினா ஒரு மாச ஒமேகா. நானும் ஒரு மாசம் பண்ணினேன். வேலை முடிஞ்சு வந்ததும் பாறை, லீவு நாள்ல பாறை, ஃபோன்ல பேசிட்டே பாறை. 500 சேர்ந்த அன்னைக்கு சந்தோஷப்படக்கூட தெம்பில்ல. அடுத்த மாசம் பேசாம என் பர்ஸ்ல இருந்தே கட்டிட்டேன்.