விவாகரத்து: வக்கீல் செலவை எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது?

பிரிவது என்று முடிவெடுத்த தம்பதிகளுக்கு நடுவில் உட்கார்ந்து சமரசம் பேசுவது பல ஆண்டுகளாக என் வேலை. "ஃபீஸ் கட்டுப்படியாகவில்லை, என்ன செய்வது?" என்று பல நாடுகளிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் நான் சொல்வதை உங்கள் ஊர் வக்கீலிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, என் வக்கீல் மணிக்கணக்கில் ஃபீஸ் வாங்குகிறார். நான் அவரிடம் பேசியதே கொஞ்சம்தான். ஆனால் பில் ஏறிக்கொண்டே போகிறது. எப்படி?

பில்லை வரி வரியாகப் படியுங்கள். இப்படி வாங்கும் பல அலுவலகங்களில் ஒரு மணி நேரத்தைப் பத்துக் கூறாகப் பிரிப்பார்கள். ஒரு கூறு 6 நிமிடம். நீங்கள் அனுப்பிய இரண்டு வரி மின்னஞ்சலை அவர் அரை நிமிடத்தில் படித்து முடித்தாலும் கணக்கில் 6 நிமிடம் ஏறிவிடும். ஒரு பெண் என்னிடம் காட்டிய பில்லில் ஒரே நாளில் "மின்னஞ்சல் வாசிப்பு 0.1" என்று ஏழு வரிகள் இருந்தன. ஏழையும் எடுத்துப் பார்த்தோம். மாமியார் ஃபோனில் என்ன சொன்னார், பீரோ சாவி யாரிடம் இருக்கிறது, பையனை அவர் ஏன் தாமதமாகக் கொண்டுவந்து விட்டார், எல்லாம் இப்படித்தான். ஏழுக்குமாகச் சேர்த்து 42 நிமிடக் காசு போயிருந்தது. ஒரே மின்னஞ்சலாக எழுதியிருந்தால் ஒன்றிரண்டு கூறுகளில் முடிந்திருக்கும்.

ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தோன்றும் கேள்விகளை எல்லாம் அதில் எழுதி, அவசரமில்லாதவற்றை வாரக் கடைசியில் ஒரே மடலாக அனுப்புங்கள். பேங்க் ஸ்டேட்மென்ட், வீட்டுக் கடன் தாள், சம்பளச் சீட்டு, வருமான வரித் தாள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி, மேலே ஒரு பக்கத்தில் பட்டியல் வைத்துக் கொடுங்கள். பையில் அள்ளிக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதைப் பிரித்து அடுக்கும் நேரத்துக்கும் நீங்கள்தான் காசு கட்ட வேண்டும். நகல் எடுப்பது, படிவம் நிரப்புவது போன்ற வேலைகளை ஜூனியரோ குமாஸ்தாவோ செய்ய முடியுமா என்று கேட்டுவிடுங்கள். பல இடங்களில் அவர்களுக்கு ஃபீஸ் குறைவு. கேட்பதில் தப்பே இல்லை.

அப்புறம் ஒன்று. ராத்திரி பதினோரு மணிக்கு மனசு தாங்காமல் யாரிடமாவது கொட்டத் தோன்றும். அந்த அழுகையை உங்கள் அக்காவிடமோ தோழியிடமோ மனநல ஆலோசகரிடமோ கொண்டுபோங்கள். வக்கீலால் அதற்கு எதுவும் செய்ய முடியாது, பில் மட்டும் வரும்.

கேள்வி: எங்கள் வக்கீல் வழக்கு முழுவதற்கும் மொத்தமாக ஒரு தொகை சொல்கிறார். நல்லதுதானே?

அந்தத் தொகைக்குள் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்கினால் நல்லது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியாக வாங்குவாரா? இடைக்கால மனு போட்டால்? அப்பீல் போனால்? பாதியில் சமரசமாகிவிட்டால் மிச்சம் திரும்பி வருமா? வாய்ப்பேச்சில் எதையும் விடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் இருவருமே சம்மதித்துப் பிரிகிறோம். ஒரே வக்கீல் போதுமா?

கூட்டு மனுவை ஒருவரே தயாரிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒப்பந்தத்தை ஆளுக்கொரு தனி வக்கீலிடம் ஒரு மணி நேரம் காட்டிவிடுங்கள். அந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். குழந்தைகள் யாரிடம், விடுமுறையில் எங்கே, வீடு, கடன், ஜீவனாம்சம் ஆகியவற்றை வக்கீல் அறைக்குப் போகுமுன்பே நீங்கள் இருவரும், முடியாவிட்டால் ஒரு சமரசரோடு, பேசி எழுதிவிட்டால் வக்கீலுக்கு மிச்சமிருப்பது அதைச் சட்ட மொழியில் எழுதும் வேலைதான்.

இந்தியாவில் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத விவாகரத்து கேட்கலாம். ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்டபின் 6 மாதக் காத்திருப்பும் உண்டு. அந்த 6 மாதத்தைத் தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லியிருக்கிறது. உங்கள் வழக்குக்குப் பொருந்துமா என்று வக்கீலிடம் கட்டாயம் கேளுங்கள்.

கேள்வி: அவருக்கு வேறு தொடர்பு இருந்தது. அதை நிரூபிக்காமல் விட மாட்டேன். லண்டனில் இருக்கிறேன்.

உங்கள் வலி எனக்குப் புரிகிறது, தங்கை. ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஏப்ரல் முதல் விவாகரத்துக்கு யாருடைய தவறையும் சொல்ல வேண்டியதே இல்லை. மணவாழ்க்கை முறிந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தால் போதும். சாட்சி தேடுவதில் போகும் பணம் உங்கள் கையிருப்பிலிருந்துதான் போகும். சொத்துப் பிரிவினையிலும் அதனால் பொதுவாக எதுவும் மாறாது. அவர் அந்த உறவுக்காகக் குடும்பப் பணத்தைக் கொட்டியிருந்தால் மட்டும் அந்தக் கணக்குத் தாள்களை வக்கீலிடம் கொடுங்கள்.

கேள்வி: எனக்கு வருமானமே இல்லை, மேடம். வக்கீல் வைக்க வழியில்லை. சென்னையில் அம்மா வீட்டில் இருக்கிறேன்.

அம்மா, உங்களுக்கு வழி இருக்கிறது. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிடுங்கள், அல்லது நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள். அங்கிருந்து தரும் வக்கீலுக்கு நீங்கள் ஃபீஸ் கொடுக்க வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. இந்து திருமணச் சட்டம் 24-ஆம் பிரிவில், வழக்கு நடக்கும்போதே மாதச் செலவுக்கும் வழக்குச் செலவுக்கும் மறுதரப்பிடம் பணம் கேட்டு மனு போடலாம். வழக்கு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கேள்வி: தையல் மெஷினையும் டிவியையும் தர மாட்டேன் என்கிறார். வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா?

அந்த நோட்டீஸுக்கு ஆகும் செலவையும் அதே மாதிரி பழைய மெஷினின் விலையையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அம்மா கொடுத்த மெஷின் என்றால் அது வேறு. அதை மட்டும் கேளுங்கள், டிவியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: அவர் அடிப்பார். சமரசம் பேசினால் செலவு குறையும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். போகட்டுமா?

போகாதீர்கள். சமரசம் பேசுகிற நானே சொல்கிறேன். அடிக்குப் பயந்து உட்கார்ந்திருப்பவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். அப்படிப் போட்ட கையெழுத்துகளை நான் பார்த்திருக்கிறேன். முதலில் பாதுகாப்பான இடம், அடுத்து பாதுகாப்பு ஆணை. அதற்கு நல்ல வக்கீல் வேண்டும். இந்தியாவில் என்றால் மேலே சொன்ன அதே 15100, இலவசமாகவே. இங்கிலாந்தில் குடும்ப வழக்குகளுக்கான அரசு சட்ட உதவி 2013-க்குப் பிறகு வெகுவாகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் குடும்ப வன்முறைக்கு ஆளானவர்கள் அதற்கு ஆதாரம் காட்டினால் இன்னும் கேட்க முடியும். அதனால் டாக்டரிடம் போன சீட்டு, போலீஸில் கொடுத்த புகாரின் நகல், அவர் அனுப்பிய மிரட்டல் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். நகல்களை இன்றைக்கே வேறொருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.