மூன்று வாரமாக மழை இல்லை. தாழ்வாரத்துச் செடிகளை என்ன செய்வது?

கேள்வி: ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் நான்காம் மாடியில் இருக்கிறோம். தாழ்வாரத்தில் மல்லிகை, கறிவேப்பிலை, எலுமிச்சை, துளசி, இட்லிப்பூ, காகிதப்பூ, ஒரு அடினியம் வைத்திருக்கிறேன். மாலை வெயில் நேராக விழும். மூன்று வாரமாக மழை இல்லை. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியும் மல்லிகையும் இட்லிப்பூவும் இலை பழுத்துக் கொட்டுகின்றன. வருடா வருடம் இந்த மாதங்களில் தேன்சிட்டும் வண்ணத்துப்பூச்சியும் வரும். அவற்றைப் பார்க்கவே ஆறு வயதுப் பேரன் காலையில் சீக்கிரம் எழுந்துவிடுவான். பறவைகளுக்குத் தண்ணீரும் கொஞ்சம் அரிசியும் வைக்கலாமா? இந்த வறட்சியிலும் செடிகளைக் காப்பாற்றி, பூவும் பறவையும் பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. சொல்லப்போனால், சிங்கப்பூரில் பூ பார்க்க இதைவிட நல்ல பருவம் கிடையாது. நமக்குக் குளிர்காலம் முடிந்து வரும் வசந்தம் இல்லை. வெயில் காய்ந்து, அப்புறம் மழை பெய்யும்போது வருவதுதான் நம் வசந்தம். ஆகவே முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வறட்சியைத் தண்ணீரால் துரத்தியடிக்க வேண்டாம். எந்தச் செடிக்கு இந்த வறட்சி நல்லது, எதற்கு ஆகாது என்று பிரித்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

வடகிழக்குப் பருவமழை டிசம்பர், ஜனவரியில் கொட்டித் தீர்த்துவிட்டு, பிற்பாதியில் வறண்ட காற்றாக மாறிவிடும். சாங்கியில் ஜனவரியின் சராசரி மழை 220 மில்லிமீட்டருக்கு மேல். பிப்ரவரியில் அது சுமார் 105ஆகக் குறைந்துவிடும். 2014 பிப்ரவரியில் சாங்கியில் பதிவானது வெறும் 0.2 மில்லிமீட்டர். 1869 முதல் இருக்கும் பதிவுகளில் அவ்வளவு வறண்ட மாதம் வேறு இல்லை. தீவெங்கும் புல் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. மார்ச்சில் மழை திரும்பியதும் சாலையோர மரங்கள் பூத்த பூப்பு, பார்த்தவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும்.

இப்போது உங்கள் தொட்டிகளுக்கு வருவோம். நான்காம் மாடித் தாழ்வாரத்தில் சாதாரண நாளிலும் மழை பெரிதாக விழாது, சாரல்தான் அடிக்கும். அதனால் உங்கள் செடிகள் வாடுவது மழை நின்றதால் அல்ல. மேகம் இல்லாததால் வெயில் கூடுதல் நேரம் அடிக்கிறது, காற்றில் ஈரம் குறைந்திருக்கிறது, அந்தக் காற்று தாழ்வாரத்தின் ஒரு கோடியில் புகுந்து மறு கோடி வரை வீசுகிறது. இலை வழியாகப் போகும் தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம்.

அப்படியானால் இரண்டு வேளை ஊற்றுவது சரிதானே என்று கேட்பீர்கள். இங்கேதான் சிக்கல். கொட்டும் இலைகளில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓரம் கருகி மொறுமொறுவென்று இருந்தால் வேருக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. அடி இலைகள் மஞ்சளாகி மெத்தென்று இருந்து, மண்ணும் ஈரமாக இருந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது. இரண்டும் ஒரே தாழ்வாரத்தில் அடுத்தடுத்த தொட்டியில் நடக்கலாம். மேலே பார்த்து முடிவு செய்யாதீர்கள். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், தொட்டியைச் சற்றுத் தூக்கிக் கனமும் பாருங்கள். சில நாளில் கையே கணக்குச் சொல்லிவிடும்.

நம் ஊரில் வாங்கும் தொட்டி மண்ணில் பெரும்பாலும் தென்னை நார்க்கழிவு கலந்திருக்கும். அது நன்றாகக் காய்ந்துவிட்டால் சுருங்கி, தொட்டிச் சுவரை விட்டு விலகிவிடும். மேலே ஊற்றும் தண்ணீர் அந்த இடைவெளி வழியாக ஓடி நேரே தட்டுக்கு வந்துவிடும். தட்டு நிறைந்திருக்கிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம், நடுவில் வேர்ப்பந்து எலும்பாகக் காய்ந்து கிடக்கும். உங்கள் இட்லிப்பூவுக்கு இதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். தொட்டியை அப்படியே ஒரு வாளித் தண்ணீரில் விளிம்புவரை மூழ்க வையுங்கள். குமிழி விடத் தொடங்கும். குமிழி நிற்க அரைமணி நேரம் ஆகலாம். நின்றதும் எடுத்து, குளியலறையிலேயே நன்றாக வடியவிட்டுத் திருப்பி வையுங்கள். மேல்மண்ணில் உலர்ந்த இலைகளை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பிவிட்டால் ஈரம் தங்கும். அப்புறம் காலையில் ஒரு வேளை, வெயில் ஏறுவதற்கு முன், தட்டில் எட்டிப் பார்க்கும்வரை நிதானமாக ஊற்றினால் போதும். தட்டில் வந்ததைக் கொட்டிவிடுங்கள். காய்கறியும் அரிசியும் கழுவிய தண்ணீரை ஊற்றலாம், உப்புப் போட்டதை மட்டும் வேண்டாம்.

துளசிக்கும் இட்லிப்பூவுக்கும் தினமும் தண்ணீர் வேண்டும். எலுமிச்சையையும் காயவிடக் கூடாது. கறிவேப்பிலை மேல்மண் காய்ந்த பிறகு கேட்கும். அடினியத்துக்கு வாரம் ஒருமுறை இருமுறை போதும். அது பாலைநிலத்துச் செடி. ஈரத்தில் நின்றால் அடித்தண்டு அழுகிவிடும்.

காகிதப்பூவை மட்டும் கொஞ்சம் வாட விடுங்கள். மேம்பாலங்களின் ஓரத்தில் வைத்திருக்கும் காகிதப்பூ இந்த மாதங்களில் எப்படிக் கொழுந்துவிட்டுப் பூக்கிறது என்று பாருங்கள். அதற்கு அடிக்கும் வெயிலும் காய்ந்த வேரும்தான் காரணம். தினமும் ஊற்றினால் இலையாக வளரும், பூ வராது. நுனி லேசாகத் தலை குனியும்போது ஒருமுறை நிறைய ஊற்றுங்கள், அவ்வளவுதான். உங்கள் மாலை வெயில் அதற்கு வரம்.

மல்லிகைக்கும் இந்தப் பருவம் சாதகம்தான். தமிழ்நாட்டில் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் தண்ணீரை நிறுத்தி, செடியைக் கவாத்து செய்து, பிறகு தண்ணீரும் உரமும் கொடுத்துத்தான் கோடைப் பூவை வரவழைப்பார்கள். நீங்களும் பழுத்த இலைகளை உருவிவிட்டு, ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். புதுத் துளிர் வரும், அதன் நுனியில்தான் மொட்டு. ஆனால் காய்ந்த மண்ணில் உரம் போடாதீர்கள், வேர் கருகும். துளிர் விட்ட பிறகு, நனைந்த மண்ணில் கொஞ்சமாகப் போடலாம்.

இலைக்கு அடியில் மெல்லிய நூல்போல வலையும் மேலே ஊசிமுனை அளவு வெளிர் புள்ளிகளும் இருந்தால் அது சிலந்திப்பேன். வறண்ட காற்றில்தான் அது பெருகும். மருந்து தேட வேண்டாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் வேகமாகப் பீய்ச்சிக் கழுவினாலே அடங்கிவிடும்.

இந்தக் கழுவலில்தான் உங்கள் பேரனுக்கான வேடிக்கையும் இருக்கிறது. தேன்சிட்டு கிண்ணத்தில் இறங்கிக் குளிப்பதைவிட, நனைந்த இலைகளில் உடம்பைத் தேய்த்துக் குளிப்பதை அதிகம் விரும்பும். காலை ஏழரை மணிவாக்கில் இட்லிப்பூச் செடியின் இலைகளில் ஸ்பிரே பாட்டிலால் நன்றாகத் தெளித்துவிட்டு, கதவுக்கு உள்ளே நகர்ந்து நில்லுங்கள். வழக்கமாக வரும் ஜோடி என்றால் தொண்டை நீலக்கறுப்பாக மின்னும் ஆண் முதலில் வரலாம். இலை மேல் சறுக்கி, சிறகைச் சிலிர்த்து, துளியை அலகால் உறிஞ்சும். பெண்ணுக்கு அந்த நீலம் இருக்காது, தொண்டையிலிருந்து வயிறுவரை மஞ்சள். வறட்சியில் இந்த ஈரம் அவற்றுக்கு நிஜமாகவே உதவும்.

தண்ணீர்க் கிண்ணம் வைக்கலாமா என்றால், தாழ்வாரத்தில் வேண்டாம் என்பேன். ஒரு நாள் மாற்ற மறந்தால்கூடக் கொசுவுக்கு வழிவிட்டதாகிவிடும். முட்டையிலிருந்து பறக்கும் கொசு வர ஒரு வாரம் போதும். அரிசி கூடவே கூடாது. வனவிலங்குச் சட்டப்படி புறா, காகம், மைனா உட்பட எந்தக் காட்டுப் பறவைக்கும் தீனி போடுவது குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அரிசி போட்டால் வருவது புறாவும் மைனாவும்தான். அவை கூட்டமாக வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டால் தேன்சிட்டு ஒதுங்கிவிடும். உங்கள் இட்லிப்பூவில் இருக்கும் தேனே அதற்குப் போதுமான விருந்து. ஒரு செம்பருத்தி சேர்த்தால் இன்னும் நல்லது.

கூடு கட்டத் தொடங்கினால் எல்லாத் திட்டத்தையும் அதற்காக மாற்றிக்கொள்ளுங்கள். தேன்சிட்டு வீவக தாழ்வாரங்களில், காகிதப்பூக் கிளையிலோ துணிக்கொடியிலோகூட, தொங்கும் பைபோலக் கட்டும். உலர்ந்த புல், இலைத்துணுக்கு, சிலந்தி வலை எல்லாம் சேர்த்து நெய்து, வாசலுக்கு மேல் சின்னதாக ஒரு கூரையும் வைக்கும். அந்தத் தொட்டியை நகர்த்தக் கூடாது, கிளையை வெட்டக் கூடாது, கூட்டின் மேல் தண்ணீர் படக் கூடாது. மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்கும்வரை சுமார் ஒரு மாதம். பேரன் எட்ட நின்று பார்க்கட்டும். கைப்பேசியைக் கூட்டுக்கு அருகே கொண்டுபோனால் தாய் பதறிப் பறந்துவிடும். பக்கத்து வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். தாழ்வாரத்தில் ஆள் போக 1.2 மீட்டர் வழி இருக்க வேண்டும் என்ற விதியை இப்போதே சரிபார்த்துவிடுங்கள். கூடு கட்டிய பிறகு தொட்டியை நகர்த்தச் சொன்னால் மனம் கேட்காது.

வண்ணத்துப்பூச்சிக்கு உங்கள் கறிவேப்பிலையும் எலுமிச்சையுமே போதும். பூவைவிட அவை தேடுவது முட்டையிட இளந்துளிரைத்தான். கறிவேப்பிலையின் இரண்டு நுனிகளைக் கிள்ளிச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, செடிக்கு நன்றாகத் தண்ணீர் கொடுங்கள். துளிர் வந்ததும் கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று இலையைத் தொட்டுத் தொட்டுப் பறப்பதைப் பார்க்கலாம். சில நாளில் இலை மேல் பறவை எச்சம்போல, பழுப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டியிருக்கும். அதுதான் புழு. துடைத்துவிடாதீர்கள்! தோல் உரித்து உரித்து வளர்ந்து கடைசியில் பச்சையாகிவிடும். ஒரு குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பை நீட்டி, புளிப்பு வாடை விடும். ஆறு வயதுப் பையனுக்கு அது போதும், ஒரு வாரம் அதையே பேசுவான். ஆனால் ஒருமுறைக்கு மேல் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான்கைந்து புழு இருந்தால் சின்னச் செடியை மொட்டையாக்கிவிடும். செடிக்கு ஒன்றும் ஆகாது, மறுபடி துளிர்க்கும். சமையலுக்கு மட்டும் கொஞ்ச நாள் தேக்காச் சந்தையில் வாங்கிக்கொள்ளுங்கள். பூச்சி மருந்து அடித்த செடியில் இது எதுவும் நடக்காது. துளசிக் கதிரையும் எல்லாவற்றையும் கிள்ளிவிடாமல் இரண்டு மூன்றை விட்டு வையுங்கள். வயிற்றில் நீலப்பட்டை போட்ட தேனீ ஒன்று வரும். மற்ற தேனீக்களைப்போல நிதானமாக உட்காராமல், பூவுக்குப் பூ தாவிக்கொண்டே இருக்கும்.

தாழ்வாரத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். உங்கள் பக்கத்திலேயே ஈசூன் குளமும், அதை ஒட்டிக் கூ டெக் புவாட் மருத்துவமனைத் தோட்டமும் இருக்கின்றன. காலை எட்டரையிலிருந்து பத்துக்குள் போனால் வண்ணத்துப்பூச்சிகள் வெயில் காய இறங்கும். கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) மரங்கள் இலையெல்லாம் சிவந்து உதிர்ப்பதும் இந்தச் சமயம்தான். மரம் செத்துக்கொண்டிருக்கிறது என்று சிலர் வருத்தப்படுவார்கள். அது வழக்கமான இலையுதிர்வு. புது இலை சீக்கிரமே வந்துவிடும்.

மழை திரும்பியதும் இரண்டு விஷயங்களைத் தவறவிடாதீர்கள். முதலாவது, சாலையோரத்து டிரம்பெட் மரங்கள். நம்மவர்கள் சிங்கப்பூர் சகுரா என்று படம் எடுத்துப் போடுவது அதைத்தான். காய்ந்த காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு, மழை விழுந்த பிறகு வெள்ளையும் ரோஜா நிறமுமாகப் பூக்கும். நிறையப் பூக்கும், சில நாளில் கொட்டிவிடும். அடுத்த வார இறுதியில் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் தரையில்தான் பார்ப்பீர்கள். அங்சானா மரம் இன்னும் அவசரம்: மஞ்சள் பூ ஒரு நாளோடு சரி, மறுநாள் காலை நடைபாதையெல்லாம் மஞ்சளாகக் கிடக்கும்.

இரண்டாவது, புறா ஆர்க்கிட். பழைய தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகளில் ஒட்டி வளரும் நம் மண்ணின் ஆர்க்கிட் அது. பூ சின்னது, வெள்ளை, பறக்கும் புறாவின் சாயல். வெப்பம் சட்டென்று 5 டிகிரி அளவுக்கு இறங்கும்படி ஒரு பெருமழை பெய்தால், அந்த நாளிலிருந்து 9ஆம் நாள் அந்த வட்டாரத்துச் செடிகள் எல்லாம் ஒரே காலையில் பூக்கும். மாலைக்குள் வாடிவிடும். வெயிலில் வெந்த ஊரில் முதல் பெருமழை பெய்யும் நாளைப் பேரனை விட்டே நாள்காட்டியில் குறிக்கச் சொல்லுங்கள். ஒன்பதாவது நாள் பள்ளிக்குப் போகும் வழியில் பெரிய மரங்களை அண்ணாந்து பார்க்கட்டும். எட்டாத உயரத்தில் இருந்தாலும் வாசனை கீழே வரும்.

அந்த முதல் மழைக்கு முன் வீட்டில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த தட்டின் ஓரத்தில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீர் பட்டதும் பொரியும். வெறுமனே கவிழ்த்து வைத்தால் போகாது. ஒவ்வொரு தட்டையும் பழைய பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்துக் கழுவிவிடுங்கள். இறுகிப்போன மேல்மண்ணையும் முள்கரண்டியால் கிளறிவிடுங்கள். அதன் மேல் தேங்கும் தண்ணீரிலும் கொசு வரும். வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.