ஜாங்ஜியாஜியே மலைக்காடு: கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

சீனாவின் ஹூனான் மாநிலத்தில் இருக்கும் ஜாங்ஜியாஜியே தேசிய வனப்பூங்காவுக்குப் போக நினைப்பவர்கள் கேள்வி கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். வேலை காரணமாகச் சீனாவில் இருப்பதால் வெவ்வேறு பருவங்களில் அங்கே போய்வர முடிந்தது. பாதிப் பேர் மலை உச்சியில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அடிவாரக் காட்டைப் பார்ப்பதே இல்லை. அந்த வருத்தம் என் பதில்களில் அடிக்கடி எட்டிப் பார்க்கும்.

கேள்வி: அண்ணா, கண்ணாடிப் பாலம், 999 படிக்கட்டு, அவதார் மலை எல்லாம் ஒரே பூங்காவுக்குள்தானா? ஒரே நாளில் பார்த்துவிடலாமா?

பதில்: இல்லை தம்பி, மூன்றும் மூன்று இடங்கள். மூன்றுக்கும் தனித்தனி டிக்கெட். அவதார் மலை மாதிரித் தூண் தூணாக நிற்கும் பாறைகள் இருப்பதுதான் தேசிய வனப்பூங்கா. வூலிங்யுவான் என்ற பெரிய இயற்கைப் பகுதிக்குள் அது வருகிறது. 999 படி ஏறிப் போகும் மலைத்துளை தியான்மென் மலையில் இருக்கிறது. அது ஜாங்ஜியாஜியே நகரத்தை ஒட்டிய மலை. ரோப் கார் நகருக்குள்ளேயே தொடங்குகிறது. கண்ணாடிப் பாலம் வேறு ஒரு பள்ளத்தாக்கில், சிலி (Cili) என்ற உள்ளூர் மாவட்டத்தில்.

நகரத்திலிருந்து வனப்பூங்கா வாசலுக்குப் பேருந்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மூன்றையும் ஒரே நாளில் முடித்துத் தருவதாக யாராவது சொன்னால் அந்த டூரை வாங்காதீர்கள். நாள் முழுக்க வண்டியிலும் வரிசையிலும்தான் கழியும்.

கேள்வி: சரி, வனப்பூங்காவுக்கு மட்டும் எத்தனை நாள் வேண்டும்?

பதில்: குறைந்தது இரண்டு முழு நாள், முடிந்தால் மூன்று. டிக்கெட்டே நான்கு நாள் செல்லும். விலை 200 யுவானுக்குக் கொஞ்சம் மேல். குளிர்காலத்தில் குறையும். முதல் முறை நுழையும்போது பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிந்துகொண்டால் அடுத்தடுத்த நாள்களிலும் அதே டிக்கெட்டில் உள்ளே போகலாம். பூங்காவுக்குள் ஓடும் பேருந்துகளுக்குத் தனியாகக் காசு இல்லை. லிஃப்ட், ரோப் கார், குட்டி ரயில் இவற்றுக்குத் தனிக் கட்டணம்.

இவ்வளவு வசதி கொடுத்திருக்கும்போது ஒரே நாளில் ஓடிவருவது எனக்கு மனசே ஒப்பாத விஷயம்.

கேள்வி: நான் புவியியல் ஆசிரியர். இந்தத் தூண்கள் சுண்ணாம்புப் பாறையா? தென்சீனாவின் குய்லினில் இருப்பது போலத்தானே?

பதில்: இல்லை சார். பார்வைக்கு ஒன்று போலத் தோன்றினாலும் பிறந்த விதம் வேறு. குய்லின் மலைகள் சுண்ணாம்புப் பாறை, நீரில் கரைந்து உருவானவை. ஜாங்ஜியாஜியே தூண்கள் குவார்ட்ஸ் மணற்பாறை. அது லேசில் கரையாது. சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியன் காலத்தில், கடலோரத்தில் படிந்த மணல் இறுகித் தடித்த அடுக்குகளாயிற்று. பின்னால் நிலம் மேலெழுந்தபோது அந்த அடுக்குகள் அதிகம் சாயாமல், ஏறக்குறைய படுக்கைவாட்டிலேயே நின்றன. செங்குத்தாக மட்டும் விரிசல்கள் விழுந்தன. மழைநீர் அந்த விரிசல்களில் இறங்கி அறுத்தது. குளிர்காலத்தில் உறைந்த நீர் பாறையைப் பிளந்தது. மரவேர்களும் தம் பங்குக்கு நெம்பின. பக்கங்கள் பலகை பலகையாகக் கழன்று விழ, நடுவில் மிஞ்சியதுதான் இன்று நாம் பார்க்கும் தூண்.

இப்படி 3,000க்கும் மேல் இருக்கின்றன. பல 200 மீட்டரைத் தாண்டும். உங்கள் மாணவர்களுக்குச் சொல்ல இன்னொன்று: பக்கத்திலேயே இருக்கும் தியான்மென் மலை சுண்ணாம்புப் பாறைதான். அதனால்தான் அங்கே அவ்வளவு பெரிய துளை விழுந்திருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார்த்தால் பாடப்புத்தகத்தில் ஒரு அத்தியாயம் கண்முன்னே விரியும். ஓடைக்கரையில் உடைந்து கிடக்கும் பாறையைக் கையால் தடவிப் பாருங்கள், மணல் சொரசொரப்பு தெரியும்.

கேள்வி: அவதார் படத்துக்குப் பிறகுதானே இந்த இடமே வெளியே தெரிந்தது?

பதில்: வெளிநாட்டில் பலருக்கு அப்படித்தான் தெரியவந்தது. 2009இல் படம் வந்தது. 2010 ஜனவரியில் உள்ளூர் நிர்வாகம் 'தென் வானத் தூண்' என்ற பாறைக்கு அவதார் ஹல்லேலூயா மலை என்று பெயர் மாற்றியது. ஆனால் கதை அதற்கு வெகு முன்னால் தொடங்கியது. 1958இல் இங்கே அரசாங்கம் மரம் வளர்க்கும் பண்ணை ஒன்றைத் தொடங்கியது. மரம் நட்டவர்களுக்கும் சுற்றியிருந்த துஜியா இன மக்களுக்கும் தவிர வேறு யாருக்கும் இடம் தெரியாது. 1979இல் ஓவியர் வூ குவான்ஜோங் வந்து பார்த்துவிட்டு எழுதிய கட்டுரைதான் நாட்டின் கவனத்தைத் திருப்பியது. 1982இல் சீனாவின் முதல் தேசிய வனப்பூங்கா இதுவே. 1992இல் வூலிங்யுவான் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தாயோங் என்று இருந்த நகரத்தின் பெயரையே 1994இல் ஜாங்ஜியாஜியே என்று மாற்றிவிட்டார்கள்.

அந்த அவதார் தூண் 1,080 மீட்டர் உயரம் என்று பல இடங்களில் போட்டிருப்பார்கள். அது கடல் மட்டத்திலிருந்து உச்சி இருக்கும் உயரம். தூண் மட்டும் 150 மீட்டர் போல இருக்கும். அதற்கே தலை சுற்றும்.

கேள்வி: எந்த மாதம் போனால் நல்லது? பனிமூட்டமாக இருந்தால் காசு வீண்தானே?

பதில்: அக்டோபர் இரண்டாம் வாரத்திலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை என் முதல் தேர்வு. ஏப்ரலும் நல்ல மாதம். மே முதல் ஜூலை வரை மழை பலமாக இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். அக்டோபர் 1 முதல் 7 வரை தேசிய விடுமுறை. அப்போதும், மே 1ஐ ஒட்டியும், சீனப் புத்தாண்டு வாரத்திலும் தயவுசெய்து போகாதீர்கள். லிஃப்டுக்கு நிற்கும் வரிசையிலேயே அரை நாள் போய்விடும். ஜனவரி, பிப்ரவரியில் பனி விழுந்தால் தூண்களின் தலையில் வெள்ளை படிந்து நிற்பது கொள்ளை அழகு. ஆனால் படிகள் உறைந்து வழுக்கும், சில பாதைகளை மூடியும் விடுவார்கள்.

மூட்டத்தைப் பற்றி: மேலே போய் நின்றதும் வெள்ளைச் சுவர் மாதிரி எதுவுமே தெரியாத நேரங்கள் உண்டு. அப்போது கீழே இறங்கிவிடுங்கள். ஓடைப் பாதையில் மூட்டம் தொந்தரவு தராது. மரமும் பாசியும் மழையில்தான் இன்னும் நன்றாக இருக்கும். மழை விட்டு சில மணி நேரத்தில் மூட்டம் கிழிய ஆரம்பிக்கும், தூண்கள் ஒவ்வொன்றாக வெளிப்படும். அந்தக் காட்சிக்காகத்தான் உலகத்தின் பல மூலையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். முழு வெயிலில் அது கிடைக்காது. கையில் இரண்டாவது நாள் இருப்பவருக்கு மழை ஒரு நஷ்டமே இல்லை.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, மூட்டு வலி. கூட்டிப் போகலாமா?

பதில்: தாராளமாகக் கூட்டிப் போங்கள். பொற்சாட்டை ஓடை என்று ஒரு பாதை, வனப்பூங்கா வாசலிலிருந்து ஷூய்ராவ்சிமென் என்ற பேருந்துச் சந்திப்பு வரை ஓடையோரமாகவே போகிறது. சுமார் 7 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம், கல் பாவியது. அம்மா முழுவதும் நடக்க வேண்டாம். ஒரு மணி நேரம் உள்ளே போய்விட்டு அதே வழியில் திரும்பினாலே இருபுறமும் அண்ணாந்து பார்க்க வேண்டிய பாறைகள்தான். என்னைக் கேட்டால், இந்தப் பூங்காவில் ஒரே ஒரு இடம்தான் பார்க்கலாம் என்றால் இந்த ஓடையைத்தான் சொல்வேன். தூணின் உயரம் அடியில் நின்றால்தான் உடம்புக்குத் தெரியும்.

பத்து மைல் ஓவியக்கூடம் என்ற பள்ளத்தாக்கில் குட்டி ரயில் ஓடுகிறது, அதிலும் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். வூலிங்யுவானுக்குள்ளேயே இருக்கும் தியான்ஸி மலைக்கு (தியான்மென் வேறு) ரோப் கார் உண்டு. மேலே போனபின் படி ஏறி இறங்கத்தான் வேண்டும். அங்கங்கே டோலி தூக்குபவர்கள் இருப்பார்கள். ஏறுவதற்கு முன்பே மொத்தக் கூலியைப் பேசி, எழுதிக் காட்டச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். இறங்குபடிகள்தான் மூட்டுக்கு எதிரி. ஏறும்போது நடந்தாலும் இறங்கும்போது வண்டியைப் பிடியுங்கள்.

கேள்வி: பைலோங் லிஃப்டில் போக வேண்டுமா? காட்டுக்கு நடுவில் இப்படிக் கட்டலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில். 2002இல் அதைத் திறந்தபோதே இந்த எதிர்ப்பு எழுந்தது. சில மாதங்கள் நிறுத்தியும் வைத்தார்கள். உலகப் பாரம்பரியச் சின்னமான பாறையின் முகத்தில் 326 மீட்டர் உயரத்துக்கு இரும்பும் கண்ணாடியும் பதித்தது சரியல்ல என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் நடக்க முடியாத பெரியவர்கள், அவதார் தூண் இருக்கும் யுவான்ஜியாஜியே மேட்டைப் பார்க்க அது சுலபமான வழி என்பதையும் மறுக்க முடியாது.

இரண்டு நிமிடத்துக்குள் மேலே கொண்டுபோய் விடும். முதல் 154 மீட்டர் பாறைக்குள் இருட்டு, அதன் பிறகுதான் வெளிச்சமும் காட்சியும். கால் நன்றாக இருந்தால் ஓடைப் பாதையின் நடுவிலிருந்து பிரியும் படிக்கட்டில் ஏறுங்கள். இரண்டு மணி நேரம் பிடிக்கும். காட்டின் ஊடாக ஏறுவீர்கள், கூட்டமும் இருக்காது.

கேள்வி: குரங்குகள் ஆபத்தா? குழந்தைகளோடு போகிறோம்.

பதில்: கவனம் தேவை. ஓடைப் பாதையிலும் ஹுவாங்ஷிஜாய் என்ற மேட்டுப் பக்கமும் நிறைய இருக்கும். கையில் பிளாஸ்டிக் பை தெரிந்தால் அது தின்பண்டம் என்றே முடிவு செய்து பாயும். எல்லாவற்றையும் முதுகுப் பையில் போட்டு ஜிப்பை மூடுங்கள். தீனி போடாதீர்கள், மற்றவர்கள் போட்டாலும் பக்கத்தில் நிற்காதீர்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்பும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். தள்ளிப்போடவே கூடாது.

கேள்வி: சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பதில்: கஷ்டம்தான், ஆனால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஹூனான் சமையல் நம் நாக்குக்கு ஏற்ற காரம். பிரச்சினை என்னவென்றால் காய்கறியையும் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள், மேலே நறுக்கிய இறைச்சியைத் தூவுவார்கள். 'இறைச்சி, மீன், பன்றிக் கொழுப்பு, இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம், தாவர எண்ணெயில் செய்யுங்கள்' என்று சீன மொழியில் எழுதி ஃபோனில் வைத்துக்கொண்டு சமையல்காரரிடமே காட்டுங்கள். வெறுமனே 'சைவம்' என்றால் அவர்களுக்குப் போதாது. முட்டைக்கோஸ், கத்தரிக்காய், உருளைக்கிழங்குச் சீவல், டோஃபு, வெள்ளைச் சோறு எங்கும் கிடைக்கும். மலைமேல் கடைகளில் தேர்வு குறைவு, அதனால் மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போவது நல்லது. புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கொண்டுபோனால் சோறு மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

அசைவர்களுக்கு: துஜியா மக்களின் புகையூட்டிய இறைச்சியும் 'மூன்று வகை ஒரே சட்டி' குழம்பும் அங்கே கட்டாயம் சாப்பிட வேண்டியவை.

கேள்வி: விசா, வழி இரண்டையும் சொல்லுங்கள். நாங்கள் திருச்சி, தங்கை சிங்கப்பூரில்.

பதில்: தங்கையிடம் சிங்கப்பூர் பாஸ்போர்ட் இருந்தால் 30 நாள் வரை விசா வேண்டாம். மலேசிய பாஸ்போர்ட்டுக்கும் அப்படியே. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். சீனா பல நாட்டவருக்குத் தரும் 240 மணி நேர விசா இல்லாத இடைநிறுத்தப் பட்டியலில் இந்த இரு நாடுகளும் இல்லை. அதை நம்பி டிக்கெட் போட்டுவிடாதீர்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன, கிளம்பும் முன் தூதரகத் தளத்தில் ஒருமுறை பாருங்கள்.

சாங்ஷாவுக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து அதிவேக ரயிலில் ஜாங்ஜியாஜியே மேற்கு நிலையத்துக்கு ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று மணி நேரம். அப்புறம், தங்குவதை நகரத்தில் வைக்காதீர்கள், வூலிங்யுவான் ஊரில் வையுங்கள். அந்த ஊர்ப் பக்கம் உள்ள பூங்கா வாசலுக்கு நடந்தே போகலாம், காலை முதல் பேருந்தைப் பிடிக்கலாம். தியான்மென் மலைக்கு மட்டும் கடைசி இரவை நகரத்தில் கழியுங்கள்.

கேள்வி: அங்கே கூகுள் வேலை செய்யாதாமே? பணம்?

பதில்: உள்ளூர் இணையத்தில் கூகுளும் வாட்ஸ்அப்பும் வராது. உங்கள் ஊர் சிம்மின் ரோமிங்கோ வெளிநாட்டு இ-சிம்மோ இருந்தால் வரும். அலிபே என்ற சீனப் பணச் செயலியை இந்தியாவிலேயே நிறுவி, கார்டை இணைத்து, பாஸ்போர்ட் சரிபார்ப்பை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். கொஞ்சம் யுவான் நோட்டும் இருக்கட்டும், டோலிக்காரருக்குக் கொடுக்க. வழி பார்க்க சீன வரைபடச் செயலியே சரியாகக் காட்டும்.

கேள்வி: எனக்கு உயரம் என்றால் பயம். தியான்மென் மலையும் கண்ணாடிப் பாலமும் விட்டுவிட்டால் பெரிய இழப்பா?

பதில்: கண்ணாடிப் பாலத்தை விடலாம். 430 மீட்டர் நீளம், தரையிலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். 2016 ஆகஸ்டில் திறந்து, கூட்டம் தாங்காமல் இரண்டே வாரத்துக்குள் மூடி, மறுபடி திறந்தார்கள். பொறியியல் ஆர்வம் உள்ளவர்கள் பார்க்கட்டும், காட்டை நேசிப்பவர்களுக்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

தியான்மென் வேறு. அந்தத் துளை 130 மீட்டருக்கு மேல் உயரம், 1999இல் சாகச விமானங்கள் அதனூடே பறந்திருக்கின்றன. ரோப் கார் ஏழரைக் கிலோமீட்டர் நீளம். அதுதான் உங்களுக்குக் கடினமான பகுதி. அன்றைய நிலவரப்படி 99 வளைவுச் சாலையில் பேருந்தில் ஏறி இறங்கும் டிக்கெட் கிடைக்கிறதா என்று கவுண்டரில் கேளுங்கள். துளைக்கு மேலே மலைக்குள் எஸ்கலேட்டர் இருக்கிறது. குகைப் பாதை என்பதால் பள்ளம் கண்ணில் படாது. கண்ணாடி நடைபாதைக்குத் தனிச் சீட்டு, வாங்காமலே விட்டுவிடலாம். வனப்பூங்காவில் உங்களுக்கான நாள் இப்படி: காலை ஓடைப் பாதை, மதியத்துக்கு மேல் பத்து மைல் ஓவியக்கூடம். இரண்டிலும் எட்டிப் பார்க்கும் விளிம்பே கிடையாது. துணைக்கு வருபவர்களை லிஃப்டில் மேலே அனுப்பிவிட்டு, மாலையில் ஷூய்ராவ்சிமென் பேருந்து நிறுத்தத்தில் சந்தித்துக்கொள்ளுங்கள். இருட்டும் முன்பே பேருந்துகள் நின்றுவிடும், அந்த நேரத்தைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.